கல் தட்ட ஓர் ஆள்

சங்கிலி என்ற மனிதனைத் திரும்பி வர முடியாத தண்ணீருக்கு அனுப்பியவன் நான். கூடவே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தத் தண்ணீரைப் பற்றி அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிய வந்தது. தெரிந்ததும் நான் நின்றுகொண்டேன். அவனிடம் ஒன்றும் சொல்லாமல், அவனை மட்டும் ரயில் ஏற்றிவிட்டேன்.

‘அவன்’ என்று எழுதுவது அந்தக் காலத்துப் பழக்கம். சங்கிலி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை நீ என்றேன். அவர் என்னை அய்யா என்றார். அதில் தவறிருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. இனி ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் பயணம் எழுதுகிறவர்கள் போய்வந்த கதையை எழுதுவார்கள். நான் எழுதுவது, மதுரையைச் சுற்றி நான்கு நாள் அலைந்த கதையையும் போகாமல் விட்ட ஒரு கடல் பயணத்தையும்.

இரண்டாம் உலகச் சண்டை வருவதற்கு ஒரு வருஷம் முன்பு. மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளமும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஓர் அறை. கல்யாணம் ஆகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் தென் அமெரிக்காவைப் போடுவேன். ஆனால் திண்டுக்கல்லைத் தாண்டிப் போனதில்லை. பொங்கல் லீவில் தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார். ஒரு வெள்ளைக்காரருக்கு நாலு நாளைக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம்.

துரையின் பெயரை எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் எங்காவது இருக்கலாம். ஒல்லியான, உயரமான மனிதர். இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. ஏதோ யந்திரத்தில் மாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் காரில் ஏறியதும் கதையைச் சொல்லிவிட்டார். தென் அமெரிக்காவை ஆண்ட இன்கா அரசனை ஸ்பெயின்காரர்கள் பிடித்து அடைத்தார்கள். விட்டுவிட்டால் ஓர் அறை நிறையத் தங்கம் தருகிறேன் என்றான் அவன். நாடெங்கிலுமிருந்து ஆட்கள் தங்கத்தைச் சுமந்துகொண்டு வந்தார்கள். முழுவதும் வந்து சேருமுன்பே அரசனைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். செய்தி கேட்டதும், கடைசியில் வந்துகொண்டிருந்த சுமைகளை வழியிலேயே திருப்பி, மலைமேல் ஓர் ஏரியில் கொட்டிவிட்டார்கள்.

“ஒன்பது வருஷம் தேடினேன்” என்றார் துரை. “ஏரி கிடைத்துவிட்டது. ஆழம் அதிகமில்லை. ஆனால் தண்ணீர் மை மாதிரி. கடலில் மூழ்குகிறவர்களின் செப்புத் தொப்பியும் காற்றடிக்கும் யந்திரமும் அந்த மலையில் ஏறாது, கழுதையே ஏறாது. மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு மூழ்குகிற ஆள் வேண்டும்.”

தூத்துக்குடிக்கும் போய்ப் பார்த்திருந்தார். முத்துக் குளிக்கிறவர்கள் கண்ணால் தேடுகிறவர்கள், எனக்குக் கையால் தேடுகிறவன் வேண்டும் என்றார். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் மடை திறக்கிறவர்களைப் பற்றி அவருடைய என்ஜினீயர் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய கண்மாய்களில் கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் தெரியும். அவற்றின் அடியில் ஒரு துவாரமும் அதை அடைத்த கல்லும் இருக்கும். வயலுக்குத் தண்ணீர் விட வேண்டுமானால் ஒருவர் மூழ்கிப் போய், சேற்றில் தடவி, அந்தக் கல்லை எடுக்க வேண்டும். எடுத்ததும் தண்ணீர் உள்ளே பாயும், மேலே குமிழிகள் வரும். கொஞ்சம் பிசகினால் ஆளையும் இழுத்துக்கொள்ளும்.

காரோட்டி காதர் பாய் என் பக்கம் சாய்ந்து கேட்டார்: “துரை என்ன தேடுறாரு வாத்தியாரே?”

“தங்கம்.”

“எங்க இருக்காம்?”

“அமெரிக்காவுல.”

“அமெரிக்காவுல இருக்குற தங்கத்துக்குப் பரவையில என்ன சோலி?”

அன்று பரவைக்குத்தான் போனோம். சந்தை நாள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கார் ஆமை மாதிரி நகர்ந்தது. கண்மாய்க்கரையில் துரை தன் பரீட்சையை நடத்தினார். காதர் பாயின் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து, தண்ணீரில் வீசி எறிந்தார். அதை எடுத்து வர வேண்டும்.

“யா அல்லா, புது ஸ்பேனரு!” என்று தலையில் கைவைத்தார் காதர் பாய்.

அந்த ஊர் மடைக்காரர் வயதானவர். “துரைக்கு ஸ்பேனர் வேணும்னா டவுன்ல வாங்கிக்கிறலாம்ல? எதுக்குத் தண்ணியில போட்டு எடுக்கணும்?” என்றார். மூன்று முறை மூழ்கினார். கிடைக்கவில்லை. இன்றும் அங்கே கிடக்கும்.

மத்தியானம் ஒரு கிளப்புக்கடையில் அயிரை மீன் குழம்பு. சுண்டுவிரல் அளவு மீன். உயிரோடு பாலில் விட்டு, வயிற்றுச் சேற்றைக் கக்க வைத்த பிறகுதான் குழம்பில் போடுவார்கள். துரை ஒரு மீனை விரலில் எடுத்துப் பார்த்தார். “எங்கள் மலையில் மழையும் சேறும் உருளைக்கிழங்கும்தான். கக்க வைக்கப் பால் இல்லை” என்றார். ஏரி இருந்த அந்த மலையை ‘எங்கள் மலை’ என்றார். சொந்த ஊரைப் பற்றி அவர் ஒருநாளும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் மேற்கே போகும்போது கார் ஒரு வாய்க்காலில் இறங்கி அச்சு வரை புதைந்துவிட்டது. ஏர் பூட்டியிருந்த மாடுகளை அவிழ்த்து வந்து இழுக்கவிட்டார் ஒரு சம்சாரி. “எண்ணெ குடிக்கிற வண்டிய வைக்கோல் திங்கிற மாடு இழுக்குது பாருங்கப்பா!” என்று அவர் கத்த, வயலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். துரையும் என்னவென்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அங்கே ஒரு மடைக்காரர் ஒரே மூச்சில் இன்னொரு ஸ்பேனரை எடுத்து வந்தார். எங்கே போக வேண்டும் என்று கேட்டார். தூர தேசம் என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே, “எங்க கண்மாய்த் தண்ணிக்கு என்னயத் தெரியும். அந்தத் தண்ணிக்கு என்னயத் தெரியாதுல்ல?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதை மொழிபெயர்த்தபோது துரை குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் அவர் என்னிடம் சொன்னார்: “ஆள் கிடைத்தால் அவனோடு பேசவும் ஒருவர் வேண்டும். நீங்களும் வாருங்கள்.”

கரும்பலகையில் நான் போட்ட கோடுகளெல்லாம் மலையாகவும் கடலாகவும் எழுந்து நின்றதுபோல் இருந்தது. அதுவரை துரைக்காக ஆள் தேடினேன். அதற்குப் பிறகு எனக்காகத் தேடினேன்.

மூன்றாம் நாள் ஒத்தக்கடை தாண்டி, யானைமலையின் முதுகு தெரிகிற ஓர் ஊரில் சங்கிலியைக் கண்டோம். நெஞ்சு அகன்ற, குள்ளமான மனிதர். அவர் இறங்குவதற்கு முன் அவருடைய மனைவி இருளாயி தண்ணீரின் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு கைகளிலும் உருண்டைக் கற்கள். கைகளை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, கற்களை ஒன்றோடொன்று தட்ட ஆரம்பித்தார். சங்கிலி மூழ்கினார். கன்னங்கள் உப்பியிருந்தன. மூச்சு விடவில்லை. சட்டென்று தட்டுவதை நிறுத்தி, பெருமூச்சு விட்டார். உடனே சங்கிலியின் தலை மேலே வந்தது.

ஒரு கையில் ஸ்பேனர். மறு கையில் துருப்பிடித்த அரிவாள். “இதுவும் கெடந்துச்சுங்க” என்றார்.

“இன்னும் கொஞ்சம் தடவியிருந்தா பரவையில போட்டதும் கெடைச்சிருக்கும்” என்றார் காதர் பாய்.

கல் தட்டுவது எதற்கு என்று கேட்டேன். இருளாயிதான் சொன்னார். “உள்ள இருக்கவருக்கு வேலையில மூச்சோட கணக்கு மறந்துரும். நான் கரையில மூச்சப் பிடிச்சிக்கிட்டுத் தட்டுவேன். எனக்கு முட்டுனா நிறுத்திருவேன். சத்தம் நின்னுச்சுன்னா கல்லு கையில இருந்தாலும் போட்டுட்டு மேல வந்துரணும்.” கல் தட்ட ஆள் இல்லாமல் அந்த ஊரில் யாரும் மூழ்குவதில்லை. அதுவும் சொந்த மனிதராக இருக்க வேண்டும். பிறத்தியாருக்கு அடுத்தவர் மூச்சின் மேல் அக்கறை இருக்காது என்பது அவர்கள் எண்ணம்.

திரும்பி வந்ததும் ஓர் ஏக்கர் நன்செய் வாங்கித் தருவதாகத் துரை சொன்னார். சங்கிலி கண்மாயையும் கீழே பச்சையாகக் கிடந்த வயல்களையும் பார்த்தார். “அம்புட்டுப் பேரு வயலுக்கும் நாந்தான் தண்ணி தெறந்து விடுறேன். இதுல ஒரு பாத்தி என்னுதில்ல” என்றார். பிறகு கேட்டார்: “கண்டியவிடத் தூரமா அய்யா?” அந்த ஊர்க்காரர்கள் சிலர் இலங்கையில் கண்டித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போயிருந்தார்கள்.

“கொஞ்சம் தூரம்” என்றேன். பூகோள வாத்தியார் சொன்ன பதில் அது.

“அப்பக் கல்லுத் தட்ட இவளும் வரணும். இல்லாட்டி நான் எறங்க மாட்டேன்.”

துரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சங்கிலி சொன்னதை அப்படியே மொழிபெயர்க்க வேண்டியது என் வேலை. சொன்னால் துரை இருளாயியை அழைத்துப் போவார், மூன்றாவது ஆளுக்குச் செலவு செய்ய மாட்டார், எனக்கு இடம் இருக்காது என்று பயந்தேன். துரையிடம், “சம்மதம் என்கிறான்” என்று இங்கிலீஷில் சொன்னேன். சங்கிலியிடம், “பொம்பளையக் கப்பல்ல ஏத்த மாட்டாங்க. நான் வாரேன்ல? நான் தட்டுறேன்” என்றேன்.

நான்காம் நாள் நான் மட்டும் பஸ்ஸில் போய் இருளாயியிடம் கல் தட்டக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை முப்பது எண்ணுமுன் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “வாத்தியாருக்குப் பாடம் சொல்லியே மூச்செல்லாம் போயிருச்சு போல.” பிறகு, “பரவால்ல. கம்மியா இருந்தா நல்லதுதான். சீக்கிரம் வெளிய வந்துருவாரு” என்றார். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். கிளம்பும்போது, “நிறுத்த மறந்துராதீங்க அய்யா” என்று மட்டும் சொன்னார்.

மாசியில் புறப்பாடு. அதற்கு முந்தின நாள் மாலை துரையின் பங்களாவில் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். கயிற்றை முடிச்சுப் போட முடியாமல் அவர் தன் மொட்டை விரல்களைக் காட்டி, “பனி தின்றுவிட்டது” என்றார். ஏரியைப் பற்றி அப்போதுதான் முழுவதும் சொன்னார். விளிம்பில் பனிக்கட்டி மிதக்குமாம். அவருடைய நண்பர் ஒருவர் கால் தவறி அதில் விழுந்திருக்கிறார். நீந்தத் தெரிந்தவர்தான். குளிர் நெஞ்சை இறுக்கி மூச்சைப் பிடுங்கிவிட்டது. ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கிற நேரத்துக்குள் ஆள் முடிந்துவிட்டார்.

“கொழுப்பைப் பூசிவிடலாம், கரையில் தீ மூட்டலாம். ஆனாலும் ஆபத்துதான்” என்றார். “மலைமேல் தண்ணீர் குளிரும் என்றாவது சங்கிலிக்குச் சொல்லிவிட்டீர்களா?”

“சொல்லிவிட்டேன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நாற்பது வருஷத்துக்கு மேலாக யோசித்திருக்கிறேன். துரைக்கு முன்னால் என் தவறு தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். பெரிய தீமைக்குப் பெரிய காரணம் இருக்கும் என்று நினைத்தால் அது தவறு.

வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். காலையில் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். ஆனாலும் சங்கிலியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சால்வையைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சங்கிலி புதுச் சட்டை போட்டிருந்தார். அது அவருக்குப் பழகவில்லை, கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேட்டித் துணியில் கட்டிய மூட்டையில் அந்த இரண்டு கற்களும் இருந்தன. பக்கத்தில் இருளாயி.

“அய்யா, ஒடம்பப் பாத்துக்கிருங்க” என்றார் சங்கிலி. “அவசரமில்ல. நீங்க வராம நான் எறங்க மாட்டேன்.”

“அடுத்த கப்பல்ல வாரேன்” என்றேன்.

அடுத்த கப்பலுக்கு நான் முயற்சிகூடச் செய்யவில்லை.

ஆவணியில் துரையிடமிருந்து ஒரு சிறு மரப்பெட்டி வந்தது. உள்ளே இரண்டு கற்களும் ஒரு கடிதமும். கடிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். தமிழில் சொல்கிறேன்:

“ஏரிக்கரைக்கு வந்த பின் அவர் பதினோரு நாள் தண்ணீரில் இறங்கவில்லை. கோபமும் இல்லை, பயமும் இல்லை. இந்தக் கற்களைக் காட்டுவார், பிறகு நாங்கள் வந்த பாதையைக் காட்டுவார். எனக்குப் புரியவில்லை. தினமும் காலையில் அந்தப் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாம் நாள் எங்கள் உணவு தீரும் நிலைக்கு வந்துவிட்டது. உங்கள் ஊரில் செய்வதுபோல் கைகூப்பிக் கேட்டேன். என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு இறங்கினார். மேலே வரவில்லை. மறுநாள் உடலை எடுத்துக் கரையிலேயே அடக்கம் செய்தோம். நான் மலையை விட்டு இறங்கிவிட்டேன். யாருக்காக அவர் காத்திருந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?”

தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பத்து நாள் அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். பதினோராம் நாள் எடுத்துக்கொண்டு போனேன். இருளாயியின் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூட வர வேண்டும் என்று சங்கிலி கேட்டதை மறைத்தது, பனிக்கட்டி, காய்ச்சல், எல்லாம். அவர் அழவில்லை. கற்களைக் கையில் வாங்கி, அவையேதானா என்பதுபோல் தடவிப் பார்த்தார்.

“எத்தன நாளு பாத்துக்கிட்டு இருந்தாரு?”

“பதினோரு நாள்.”

“பதினோரு நாளு” என்று திருப்பிச் சொன்னார். அப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளேயிருந்து அவருடைய தம்பி மாயாண்டி வந்தார். “யக்கா, இந்த ஆளப் போகச் சொல்லு. இன்னும் செத்த நேரம் நின்னா நான் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும்.”

இனி மடை திறக்கிற பொறுப்பு மாயாண்டிக்கு. இனிமேல் உனக்கு நான் கல் தட்டுகிறேன், வருஷா வருஷம் வருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அந்த நேரத்தில் வேறு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“தட்டுறேன்னு சொன்னதுக்கே ஒரு உசுரு போச்சு. தட்டுனா ஊரே போயிரும்” என்றார் மாயாண்டி.

ஆனாலும் போனேன். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைகிறபோதெல்லாம் பஸ் பிடித்துப் போய்க் கரையின் ஒரு மூலையில் நின்றேன். மாயாண்டியின் மனைவி தட்டுவார், அவர் மூழ்கி எழுவார், நான் திரும்பிவிடுவேன். என்னோடு யாரும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் தென் அமெரிக்கா பாடம் வரும் வாரம் லீவு எடுத்துக்கொண்டேன்.

நான்காம் வருஷம் பெருமழை. சண்டையால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரி வாயுவில் ஓடிய காலம். ஒத்தக்கடை ஏற்றத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் போய்ச் சேர்ந்தபோது கண்மாய் கரையை முட்டிக்கொண்டிருந்தது. உடனே மடை திறக்காவிட்டால் உடைந்துவிடும். மாயாண்டியின் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். அக்காவைத் தவிரத் தட்டச் சொந்த மனிதர் இல்லை.

இருளாயி வந்தார். அதே கற்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர், “தாலியறுத்தவ இந்த நேரத்துல கரைக்கு வரலாமா?” என்றார்.

“தண்ணிக்குக் கண்ணு கெடையாது பெரியப்பா. சத்தந்தான் கேக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் ஓரத்தில் உட்கார்ந்தார்.

நான் அருகில் போனேன். “நான் தட்டட்டுமா?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “வேணாம். அந்தா, அங்கன நில்லுங்க. அவன் வெளிய வர்ற வரைக்கும் எங்கிட்டும் போகாம நில்லுங்க. அம்புட்டுப் போதும்.”

நின்றேன். மாயாண்டி மூழ்கினார். கல் சத்தம் தொடங்கியது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் மூச்சு தீர்ந்தது. சத்தம் நிற்கவில்லை. மறுபடி இழுத்துப் பிடித்தேன். இருளாயியின் கழுத்து நரம்புகள் புடைத்தன. சத்தம் நின்றது. தூண்களுக்கு நடுவே தண்ணீர் குமுறியது, குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்தன. அவற்றுக்குப் பின்னால் மாயாண்டியின் தலை.

கரையேறிய மாயாண்டி என்னைத் தாண்டிப் போனார். இருளாயி கற்களை முந்தானையில் முடிந்துகொண்டு, “இருட்டப் போகுது, பஸ்ஸு போயிரும், கெளம்புங்க” என்றார்.

அடுத்த ஐப்பசியில் பள்ளிக்கூட விலாசத்துக்கு ஒரு கார்டு வந்தது. யாரோ எழுதத் தெரிந்தவர் பென்சிலில் எழுதியிருந்தார். “இருளாயி சொல்ல எழுதியது. கண்மாய் நெறஞ்சிருச்சு. வெள்ளிக்கிழமை மடை திறக்கோம்.”

மன்னிப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வரச் சொல்லியும் எழுதவில்லை. நாள் மட்டும் இருந்தது.

வியாழக்கிழமையே போய்விட்டேன்.